அவைக் குறிப்பில் இல்லாதவை

திருவண்ணாமலையிலிருந்து வந்த பேருந்து மணலூர்பேட்டைப் பாலத்தில் ஏறியபோது ரெஜினா கண்களை மூடிக்கொண்டாள். பார்க்காவிட்டாலும் பாலம் தெரிந்துவிடும். சக்கரங்களின் ஓசை மாறும். ஈரக்காற்று சன்னல் வழியே முகத்தில் படும். பக்கத்து இருக்கைப் பெண்மணி, "ஆத்துல தண்ணி போவுது பாரு" என்று தம் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ரெஜினா மடியிலிருந்த பையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். அதற்குள், இரண்டு புடவைகளுக்கு நடுவே, பழுப்புத்தாள் உறையிட்ட புத்தகம் ஒன்று இருந்தது. சட்டமன்றப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளின் தொகுதி. சித்திரை மாதம் முதல் அவளுடைய தந்தையார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் அச்சாகவில்லை என்று அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆவணி வரைக்கும் அது உண்மையாகவே இருந்தது. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பொய். நாளைக்குக் கல்லறைத் திருநாள். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

ரெஜினாவுக்குப் பேரவைச் செயலகத்தில் நிருபர் பணி. ஊரில் இதைச் சொன்னால் எந்தப் பத்திரிகை என்று கேட்பார்கள். பத்திரிகைக்கும் அவளுக்கும் தொடர்பில்லை. பேரவைத் தலைவரின் உயர்ந்த இருக்கைக்குக் கீழே, ஆளுங்கட்சி வரிசைகளுக்கும் எதிர்க்கட்சி வரிசைகளுக்கும் நடுவே ஒரு மேசை உண்டு. அங்கே அமர்ந்து, உறுப்பினர்கள் பேசுவதைச் சொல் விடாமல் சுருக்கெழுத்தில் எடுப்பதே அவளுடைய வேலை. ஒருவருக்குப் பத்து நிமிடம். அடுத்தவர் வந்து அருகில் அமர்ந்து எழுதத் தொடங்கியதும், பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் எழுந்து, அறைக்குப் போய், எடுத்ததைத் தட்டச்சு செய்ய வேண்டும். அங்கே யார் எவ்வளவு உரக்கப் பேசினாலும் நிமிர்ந்து பார்ப்பது மரியாதையன்று. சிரிப்பு எழுந்தால் 'சிரிப்பு' என்று அடைப்புக்குறிக்குள் எழுதலாம். தான் சிரிக்கக் கூடாது. இந்த ஒழுங்கு அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.

தேர்தல் முடிந்து புதிய பேரவை கூடிய நாளில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து உறுதிமொழி எடுத்ததைப் பதிவு செய்துவிட்டு, அந்த வாரமே அவள் ஊருக்கு வந்திருந்தாள். தம்பி எட்வின் அப்போது கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கியிருந்தான். அவனுடைய குட்டியானை வண்டி வாசலில் புழுதியோடு நின்றது.

"இருநூத்தி முப்பத்திநாலு பேரும் அதே உறுதிமொழியத்தான் சொன்னாங்களா? அதையும் ஒக்காந்து எழுதிக்கினு இருந்தியா?"

"பேரு மாறுது இல்ல? பேரு ஏறணும்டா. அப்பதான் சபையில ஒக்கார முடியும்."

"அப்ப நீ எழுதலனா அவங்க பேசுனதே இல்லன்னு ஆய்டுமா?"

"ஆய்டும்" என்றாள் அவள், சற்றுப் பெருமையாகவே.

"யம்மா, இங்க வந்து பாரு! எம்மெல்லேங்கெல்லாம் நம்ம அக்காவப் பாத்து பயப்படணும் போலக்குது" என்று அவன் அடுப்படியைப் பார்த்துக் கத்தினான்.

போன கார்த்திகையில் அவன் இறந்துபோனான். மலையிலிருந்து இறங்கியவன் வழக்கம்போல் வண்டியைக் கழுவ ஆற்றுக்குப் போனான். சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் கரையோரம் முழங்கால் அளவே ஓடியது. அதற்கடியில், மணல் அள்ளியவர்கள் விட்டுப்போன பள்ளம் இருபதடி ஆழத்துக்கு இருந்தது. அவனைத் தூக்கி வந்தவர்கள், பள்ளத்தின் ஓரம் உள்பக்கமாகச் சரிந்து, ஏற ஏற மணல் இடிந்து மேலே விழுந்ததாகச் சொன்னார்கள். காவல் நிலையத்தில் கொடுத்த தாளில் பள்ளம் இல்லை. 'நீச்சல் தெரியாத காரணத்தால் நீரில் மூழ்கி' என்று இருந்தது. தந்தையார் செபாஸ்தியான் அந்தத் தாளை வாங்கிப் படித்தது முதல் வேறு மனிதராகிவிட்டார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகும் அவர், மகனுக்கு ஏழு வயதில், முதுகில் எண்ணெய்க் கேன் கட்டிக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கியவர். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எம்புள்ளைக்கு நீச்சல் தெரியும்ங்க" என்று சொன்னார். கேட்டவர்கள் துக்கத்தில் பேசுகிறார் என்று தலையசைத்தார்கள்.

அப்படியிருக்கையில்தான், பங்குனியில் ஒரு நாள், கட்சிக்காரர் வெற்றிவேல் வந்து சொன்னார்: "பெரியவரே, உங்க பையன் விசயத்த நம்ம உறுப்பினரு சட்டமன்றத்துலயே பேசிட்டாருங்க. பேரு சொல்லி, பள்ளத்தச் சொல்லி, நீச்சல் தெரிஞ்ச பையன்னு சொல்லி. அதெல்லாம் புக்கா போடுவாங்க. கெவுருமெண்டு இருக்கற வரைக்கும் அந்த புக்கு இருக்கும்." அன்றைக்குச் செபாஸ்தியான் நான்கு மாதத்தில் முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டாராம். அம்மா தொலைபேசியில் சொன்னார்.

பேருந்து நின்றது. ரெஜினா இறங்கி நடந்தாள்.

செபாஸ்தியான் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை. அம்மா இஞ்ஞாசியம்மாள் முறத்தில் சாமந்திப் பூக்களைக் கொட்டி வைத்துக்கொண்டு மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

"கொண்டாந்தியா?" என்றார் தந்தையார்.

"வந்த பொண்ண ஒக்காரக்கூட வுடல. மொதல்ல தண்ணி குடிக்கட்டும்."

"குடிக்கட்டும், நானா வேணாங்கறேன்? சுண்ணாம்புக் கையி. இரும்மா, கழுவிக்கினு வரேன்."

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். துண்டில் துடைத்து, விரல்களை விரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார். கண் முகாமில் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். அவள் புத்தகத்தைக் கொடுத்தபோது, கோயிலில் வாங்குவதுபோல் இரு கைகளையும் நீட்டி வாங்கினார்.

"அஞ்சு ஜெராக்ஸ் போடணும். ஃபாதருக்கு ஒன்னு, நம்ம கேசு நடத்தற வக்கீலுக்கு ஒன்னு. ஸ்டேசனுக்கு நானே எடுத்துக்கினு போறேன். அந்தத் தாள எழுதுன ரைட்டரு மூஞ்சிக்கு நேரா நீட்டி, படிடா இன்னான்னு கேக்கறேன்."

"ஆமா, கேட்டுட்டு வந்துதான் மறுவேல பாப்ப" என்றார் அம்மா. குரலில் கோபமில்லை, வெகுநாளைக்குப் பிறகு கணவரைச் சீண்டிப் பார்க்கும் ஆசைதான் இருந்தது.

பக்கத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். செபாஸ்தியான் விரலை வரிக்கடியில் வைத்து, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். "மாண்புமிகு... பேரவைத் தலைவர் அவர்களே... எங்கள் பகுதியில்... தென்பெண்ணை ஆற்றில் மணல்..." நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "ஆத்தப் பத்தி போட்ருக்கான் பாரு." மீண்டும் குனிந்தார். விரல் அடுத்த வரிக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. அங்கே சொற்கள் இல்லை. வரிசையாக நட்சத்திரக் குறிகள் மட்டுமே இருந்தன. அவற்றுக்குப் பின் 'ஆகவே, மாண்புமிகு அமைச்சர் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்' என்று பேச்சு முடிந்தது.

அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். முந்தைய பக்கத்துக்கும் போய் வந்தார்.

"இன்னாம்மா இது, இந்த எடத்துல எழுத்து படல?"

ரெஜினா பையை மூடி ஓரமாக வைத்தாள்.

"அச்சடிக்கறப்ப வுட்டுட்டானுங்க போலக்குது" என்று அவரே சொன்னார். "எழுதிப் போட்டா திருத்திக் குடுப்பாங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்து வந்ததும் அதுவே. இப்போது தந்தையாரே அதை எடுத்து அவள் கையில் கொடுக்கிறார். அவள் வாயைத் திறந்தாள். ஆனால் அவருடைய கழுவித் துடைத்த விரல்கள் நட்சத்திரங்களின் மேல், அவற்றுக்கடியில் எழுத்து இருக்கக்கூடும் என்பதுபோல், மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் இயலவில்லை. குனிந்து, பக்கத்தின் அடியிலிருந்த சிறிய எழுத்துகளை அலுவலகக் குரலிலேயே படித்தாள்:

"பேரவைத் தலைவர் அவர்களின் ஆணைப்படி அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது."

"அப்டின்னா?"

"நம்ம கேசு கோர்ட்டுல இருக்குது இல்லப்பா. அப்பறம், மணல் எடுத்தவரு பேரையும் உறுப்பினரு சொல்லிட்டாரு. சபையில இல்லாதவரு பேர சொன்னா அவரால பதில் சொல்ல முடியாது. அதனால அந்தப் பகுதி முழுக்க எடுத்துடணும்னு சொன்னாங்க. அது விதிதான்ப்பா."

"சபையில இல்லாதவன்..." என்று தமக்குள் சொல்லிக்கொண்டார் செபாஸ்தியான். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்: "எடுத்தது யாரு?"

"பேரவைத் தலைவரு உத்தரவுப்பா."

"அவரு உத்தரவு போடுவாரு. மேஸ்திரி சொல்லுவான், வெட்றது ஆளுதான? கையால எடுத்தது யாரு?"

பங்குனியில், அந்தப் பேச்சு நடந்த அன்றைக்குப் பேரவையில் மானியக் கோரிக்கை விவாதம். அவள் மேசையில் அமர்ந்து மூன்றாவது நிமிடத்தில் அந்த உறுப்பினர் எழுந்தார். எட்வின் என்ற பெயர் காதில் விழுந்தபோது கை அதை எழுதி முடித்து அடுத்த சொல்லுக்குப் போயிருந்தது. நீச்சல் நன்கு தெரிந்தவர். எழுதினாள். இருபதடிப் பள்ளம். எழுதினாள். மரவள்ளிக்கிழங்கு வண்டி ஓட்டி, வயதான பெற்றோரைக் காப்பாற்றியவர். அதையும் எழுதினாள். இருபுறமும் கூச்சல் எழுந்தது. 'குறுக்கீடு' என்று எழுதினாள். தலைக்குமேல், நிதானமான குரலில், அந்தப் பகுதி நீக்கப்படுகிறது என்ற ஆணை வந்தது. ஆணையையும் எழுதினாள். அவள் நிமிரவே இல்லை. அறைக்கு வந்து தட்டச்சு செய்து கொடுத்த தாளைத் தலைமை நிருபர் காசிநாதன் படித்தார். அவளுடைய விடுப்புக் கடிதத்தில் அந்தப் பெயரை முன்பே படித்தவர் அவர்.

"நீங்க வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா. இத நான் பண்ணிடறேன்" என்றார், அவள் முகத்தைப் பாராமல்.

"வேணாங்க சார். என்னோட முறைதான். நானே பண்ணிடறேன்."

திரையில் அந்த வரிகளை அவள் தேர்ந்தெடுத்தாள். அவை நீல நிறமாகின. ஒரு விசைதான். அதன் பிறகு நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"நான்தான்ப்பா எடுத்தேன்" என்றாள் ரெஜினா இப்போது.

அம்மாவின் கையில் நார் நின்றுபோயிற்று. மின்விசிறியின் காற்றில் முறத்திலிருந்த சாமந்தி இதழ்கள் தரையில் பறந்தன. அழுகையோ வசவோ வரும் என்று ரெஜினா காத்திருந்தாள். எதுவாக வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. இஞ்ஞாசியம்மாள் நாரை மறுபடி விரலில் சுற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்:

"அவனக் கடைசியாக் குளிப்பாட்றப்பவும் இவதான தண்ணி மொண்டு குடுத்தா."

செபாஸ்தியான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் மாட்டிக்கொள்ளவில்லை. வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டியானை நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இன்னும் போகாமல் இருந்தது.

"எடுக்கறதுக்கு மின்னாடி எழுதினியா?"

"எழுதினேன்ப்பா."

"பேரு?"

"பேரும்."

"நீச்சல் தெரியும்னு?"

"தெரியும்னு எழுதினேன்."

"பள்ளம்?"

"இருபதடின்னு எழுதினேன்."

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் தலையை ஒரு முறை அசைத்தார். ஆலையில் தம் கரும்புக் கட்டுகளை எண்ணிக் கொடுக்கும்போது அவர் அப்படித்தான் அசைப்பார். பிறகு எழுந்து, அலமாரியில் எட்வினின் படத்துக்குப் பின்னாலிருந்து பென்சில் ஒன்றை எடுத்து வந்தார். கிழங்கு மூட்டைகளுக்குக் குறி போட அவன் வைத்திருந்த தடித்த பென்சில். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இங்க எழுது."

"அப்பா, இது அரசாங்கப் புத்தகம். இதுல நாம..."

"அன்னிக்கு எப்டி எழுதினியோ அப்டியே எழுது. கோடு கோடா எழுதுவியே, அதுலயே எழுது. எனக்குப் படிக்கத் தெரிய வேணாம். நாளைக்கு அவங்கிட்ட வெச்சிட்டு எடுத்துக்கினு வந்துடறேன்."

ரெஜினா பென்சிலை வாங்கினாள். நட்சத்திரங்களுக்கு அருகிலிருந்த ஓரவெளியில் முனையை வைத்தாள். அந்தப் பெயர் ஒரே ஒரு கோடுதான். ஒரு நொடிகூட ஆகாது. எத்தனை கூச்சலிலும் நின்றறியாத கை, அன்றைக்குக்கூட நில்லாத கை, இப்போது அசைய மறுத்தது. முனை பட்ட இடத்தில் ஒரு கரும்புள்ளி மட்டும் விழுந்தது. விசிறிக் காற்றில் பக்கம் படபடத்துப் புரளப் பார்த்தது. செபாஸ்தியான் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, நகக்கண்களில் சுண்ணாம்பு வெளுத்திருந்த தம் உள்ளங்கையால் அந்தப் பக்கத்தை அழுத்திப் பிடித்தார்.

"பொறுமையா எழுதும்மா" என்றார். "இங்க பத்து நிமிசம்லாம் கெடையாது."

அவர் கை அங்கேயே இருந்தது. இஞ்ஞாசியம்மாள் கீழே சிதறிய இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.