லென்ஸைப் பார்க்காதே

“நிறுத்துங்க, நிறுத்துங்க!”

ஆட்ட முகாமுக்குப் போய்க்கொண்டிருந்த வேன் கிறீச்சிட்டு நின்றது. மேலே அடுக்கியிருந்த பைகளில் ஒன்று சரிந்து, கீழே தூங்கிக்கொண்டிருந்த, வகுப்புக்கு வரும் பிளம்பரின் மடியில் தொப்பென்று விழுந்தது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று எல்லோரும் பதறி எழுந்தார்கள். டிரைவர் முகம் வெளிறித் திரும்பிப் பார்த்தார்.

கடைசி சீட்டிலிருந்து ஒரு மனிதர், கழுத்தில் கேமரா ஆட, முழங்கால்களை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். கதவைத் திறக்கச் சொல்லி இறங்கினார். சாலையோரப் பள்ளத்தில் தேங்கிய மழைத் தண்ணீருக்கு நடுவே, யாரோ தூக்கியெறிந்த ஒரு மூன்று கால் நாற்காலி சாய்ந்து நின்றது. அதைப் படம் எடுக்கத்தான் இத்தனை அமர்க்களமும்.

“யாருங்க அவரு?” என்றார் பிளம்பர், மடியிலிருந்த பையை இறக்கி வைத்தபடி.

“எங்க வீட்டுக்காரர்” என்றாள் பக்கத்து சீட்டில் இருந்தவள். சொல்லும்போது கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் பெருமை. அவள் உள்ளங்கையில் லென்ஸ் மூடி இருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு ஒதுக்கப்பட்ட இலாகா.

அவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவர். மற்றவர்கள் ஆபீஸுக்குச் சாப்பாட்டுப் பை எடுத்துப் போவார்கள் என்றால், அவர் கேமராப் பையும் சேர்த்து எடுத்துப் போவார். காலை ரயிலில் கைப்பிடியைப் பிடித்தபடியே தூங்குகிறவர்கள், டிக்கெட் ஜன்னலில் நீளும் கைகள், காற்றில் திரும்பிக்கொண்ட குடைகள் என்று கண்ணில் பட்டதெல்லாம் படமாகும். அதே ரயிலில்தான் அவளும் போவாள். அவர் ஒரு நல்ல முகத்தைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டால், அவளும் தவறவிடுவாள். வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க ஊர்பேர் தெரியாத ஜனங்கள் சட்டம் போட்டுத் தொங்கினார்கள். ஒரு தடவை வந்திருந்த நாத்தனார் சுவரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “இத்தனை பேர்ல ஒருத்தர்கூட நம்ம சொந்தம் இல்லையே அண்ணி” என்று சிரித்தாள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகுதான் எங்கேயோ சுருக்கென்றது.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிறவள். நாள் முழுக்க, “மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க” என்று சொல்லிச் சொல்லியே அலுத்துப்போன ஒருத்திக்கு, அசைவதற்கென்றே ஒரு இடம் கிடைத்தது. மகன் வேலை கிடைத்து வெளியூர் போன வருஷம், டயர் கடை மாடியில் ஸ்விங் வகுப்பு என்று போர்டு பார்த்து ஏறினாள். பழைய ஜாஸ் பாட்டுக்கு, ஜோடியாகக் கைகோத்து, இழுத்து, விட்டு, சுழன்று ஆடும் ஆட்டம். ஒருவர் நடத்துவார், மற்றவர் அந்தக் கையின் போக்கை உணர்ந்து தொடர்வார். பாட்டு மாறினால் ஜோடியும் மாறும். முதல் நாள் அவள் மூன்று பேர் காலை மிதித்தாள். மறு வருஷம் வகுப்பில் எல்லோரும் அவளோடு ஆடக் காத்திருந்தார்கள். எக்ஸ்ரே அக்கா என்று பெயரே வந்துவிட்டது.

அப்புறம் வலது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. கூட வேலை பார்க்கும் பெண் படம் எடுத்துவிட்டு ஃபிலிமை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தவளுக்கு டாக்டர் சொல்ல எதுவும் மிச்சம் இருக்கவில்லை. இருந்தாலும் டாக்டர் சொன்னார்: மூட்டை மாற்ற வேண்டும், அதன் பிறகு நடக்கலாம், படி ஏறலாம், ஆட்டத்தை மட்டும் மறந்துவிட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு முகாம் இருந்தது. ஊருக்கு வெளியே, விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில், வாரக் கடைசி முழுக்க ஆட்டம். அதற்குப் போகலாம் என்று டாக்டர் அரை மனசோடு தலையாட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கேட்டது ரொம்பக் கொஞ்சம்.

“என்னங்க, நான் ஆடறதை ஒரே ஒரு படம் எடுத்துக் கொடுங்க. எனக்குன்னு. அப்புறம் ஆட முடியாது.”

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். எடுத்துட்டாப் போச்சு என்றார். முகாம் நடத்தும் டீச்சரிடம் தானே போனில் பேசி, படம் எடுக்கும் பொறுப்பையும் வாங்கிக்கொண்டார். அவளுக்கு அன்றைக்கு ராத்திரிச் சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அவ்வளவு சந்தோஷம்.

பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் மரத்தரை. மேற்கே பெரிய ஜன்னல்கள். வந்து இறங்கியதுமே அவர் கூடத்தை ஒரு சுற்று நடந்து, கண்ணைச் சுருக்கி, கையால் சட்டம் கட்டிப் பார்த்து, மூலை ஜன்னலைத் தேர்ந்தெடுத்தார். சாயங்கால வெயில் அங்கேதான் சாய்ந்து விழும், அங்கே ஆடு, நான் பார்த்துக்கறேன் என்றார். கூடவே தன் பழைய விதியையும் நினைவுபடுத்தினார்.

“லென்ஸை மட்டும் பார்க்காதே. பார்த்தா முகம் பொய் சொல்லும். நான் இருக்கிறதையே மறந்துடு.”

சொல்வது சுலபம். ஸ்விங்கில் பின்தொடர்ந்து ஆடுகிறவளுக்கு இடம் அவள் கையில் இல்லை. நடத்துகிறவர் எங்கே இழுக்கிறாரோ அங்கேதான் போக வேண்டும். அதனால் அவள் கை நீட்டியவர்களிடமெல்லாம், ஜன்னல் பக்கமே இருப்போமா என்று கேட்டுக்கொண்டாள். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. காற்று வரும் என்றாள். ஒருவரோடு ஆடி முடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தவர் வந்தார். வழக்கமாக ஒரு பாட்டு ஆடினால் ஒரு பாட்டு உட்காருகிறவள், வெயில் இருக்கும் வரை உட்காரக் கூடாது என்று பிடிவாதமாக நின்றாள். முழங்காலுக்குள் யாரோ கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி இருந்தது.

க்ளிக், க்ளிக் என்று பின்னால் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் திரும்பவில்லை. முதுகில் வெயிலும் அந்தச் சத்தமும் ஒன்றாகப் பட்டன. கல்யாணத்தன்றுகூட யாரும் தன்னை இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

பிளம்பர் வந்து கை நீட்டினார். பெரிய உடம்பு, ஆனால் பூனை மாதிரி அடியெடுத்து வைப்பவர்.

“அந்த ஜன்னலை உங்க பேர்ல எழுதி வெச்சுட்டாங்களாக்கா? நானும் மதியத்துலேருந்து பார்க்கறேன், நகர மாட்டேங்கறீங்க.”

அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவர் உடனே பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். நம்ம பசங்க யாரையாவது நாலு படம் தட்டச் சொல்றேன், கைக்காவலுக்கு இருக்கட்டும் என்றார். அவள் அவர் கையைத் தாழ்த்தினாள்.

“போன்ல எல்லாம் வேணாம். அவர் எடுக்கறாரு. அவர் எடுத்தா அது வேற.”

“சரி தாயே. அப்ப நானும் கொஞ்சம் லட்சணமா ஆடறேன். எலும்பு தெரியாம எடுக்கற ஆள்கிட்ட நீங்க மாட்டறது இதுதான் முதல் தடவை போல.”

“எலும்பு மட்டும்தான் இதுவரைக்கும் நல்லா வந்திருக்கு” என்றாள் அவள். அவர் தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே அவளைச் சுழற்றிவிட்டார். பாவாடை குடையாக விரிந்தது. வெயில் கண்ணாடி வழியே வந்து இரண்டு பேர் மேலும் கொட்டியது. அந்த நிமிஷம் கால் வலிக்கவில்லை. க்ளிக் என்று சத்தம் கேட்டது. இதுதான், இது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பாட்டு முடிந்ததும் அவளால் காலை ஊன்ற முடியவில்லை.

மறுநாள் கடைசிக் கூட்டத்தில், பிரிவதற்கு முன்னால், டீச்சர் திரைச்சீலைகளை இழுத்துவிட்டுச் சுவரில் படங்களைப் போடச் சொன்னார். அவள் கடைசி பெஞ்சில், வீங்கிய முழங்காலில் பிளம்பர் கொண்டுவந்து கொடுத்த ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். சுவரில் வரப் போகிற தலைக்கு இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று தெரிந்தும் செய்தாள்.

படங்கள் அழகாகவே இருந்தன. அதை மறுக்க முடியாது. வராந்தாவில் வரிசையாகக் கழற்றிப் போட்ட ஷூக்கள், காபிக் கோப்பைமேல் படிந்த ஆவி, அந்தரத்தில் நிற்கும் டீச்சர், வெயிலில் பறக்கும் தூசி. வழியில் பார்த்த மூன்று கால் நாற்காலிகூட வந்து கைதட்டல் வாங்கிப் போனது. ஒவ்வொரு படம் மாறும்போதும் அவள் முதுகை நிமிர்த்தினாள். மாறிய பிறகு தளர்த்தினாள்.

கடைசிப் படம் வந்ததும் கூடமே ஓ என்றது. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும் பிளம்பர். ஜன்னல் வெயில் அவர் முகத்தில் பொன்னாக வழிந்தது. படத்தின் ஓரத்தில், மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு, அவர் விரல்களைப் பிடித்தபடி ஒரு கை இருந்தது. பழுப்பு வார் போட்ட கைக்கடிகாரம்.

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள்.

எல்லோரும் பிளம்பரைச் சூழ்ந்துகொண்டு முதுகில் தட்டினார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் புருஷன் வயர்களைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கம் வந்தார். முகம் பூரித்திருந்தது. டீச்சர் அந்தக் கடைசிப் படத்தை அடுத்த முகாம் போஸ்டருக்குக் கேட்டிருக்கிறாராம். முகம்னா அதுதான் முகம் என்றார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“அதுல என் கை மட்டும் இருக்கு.”

“ஆமா, நீ குறுக்க இருந்தே. கண்ணு அவர் முகத்துல நிக்காம உன்கிட்ட போயிட்டே இருந்துது. அதான் வெட்டிட்டேன்.”

“மத்த படம்?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. ஜன்னல் பக்கம் வெளிச்சம் அபாரமாக இருந்ததால், வந்து போனவர்களின் முகங்களை எடுப்பதிலேயே நேரம் போய்விட்டது என்று விளக்கினார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புது முகம். இப்படி ஒரு இடம் அமைந்தது அவள் புண்ணியம் என்றுகூடச் சொன்னார்.

அவள் உள்ளங்கையைத் திறந்தாள். லென்ஸ் மூடியின் விளிம்பு அங்கே வட்டமாகப் பதிந்திருந்தது. மூடியை எடுத்துப் பக்கத்தில் பெஞ்சின்மேல் வைத்தாள்.

“நான் கேட்டிருந்தேனே.”

அவர் மூடியை எடுத்து லென்ஸில் பொருத்தினார். குனிந்து, சமாதானம் சொல்கிற குரலில், அன்பாகவே சொன்னார்:

“இதுக்கா முகத்தைத் தூக்கி வெச்சுக்கறே? ஆபரேஷன் முடிஞ்சா வீட்டுல அசையாமதானே உட்கார்ந்திருக்கப் போறே, சாவகாசமா எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”