சதுர அடி தொண்ணூற்றைந்து ரூபாய்

அரக்கோணத்துப் பலகைக் கடைக்காரர் சதுர அடி தொண்ணூற்றைந்து ரூபாய் என்றுதான் சொன்னார். கல்பனாவின் கூடம் இருநூற்று இருபத்து நான்கு சதுர அடி. அரக்கோணத்தில் ரயில் ஏறியதிலிருந்து திருத்தணியில் இறங்கும் வரை விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். இருபத்தோராயிரத்துச் சொச்சம். பதினோரு வருஷம் ஜாக்கெட் தைத்துச் சேர்த்ததில் அடங்கிவிடும். வெடிக்க வெடிக்கப் பூசிய சிமெண்ட் தரை, லேமினேட் பலகை போட்டால் மரத்தரையாகிவிடும்.

பலகை வந்து இறங்கிய பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூடுதல் பலகை, அடியில் விரிக்கும் ஃபோம், சுவரோரப் பட்டி, வண்டி வாடகை, கூலி. தரை உயர்ந்துவிட்டதால் இரண்டு கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டியிருந்தது. முப்பத்தைந்தாயிரம் தாண்டிவிட்டது. அதற்குக்கூட அவள் முகம் சுளிக்கவில்லை. தரை போட வந்த விஜயன் கிளம்பும்போது சொன்னதுதான் நெஞ்சில் தங்கிவிட்டது.

“பக்கெட் தண்ணி ஊத்திக் கழுவிடாதீங்கக்கா. துணிய நல்லாப் புழிஞ்சு தொடைங்க. தண்ணி நின்னா பலகை உப்பிக்கும். ஒண்ணு உப்புச்சுனா பக்கத்துல இருக்கறதையும் தூக்கினு வந்துரும்.”

அப்போது ஆனி மாதக் கடைசி. ஆடிக் கிருத்திகைக்குப் பள்ளிப்பட்டிலிருந்து அக்கா தேவயானியின் குடும்பம் வரும். பதினெட்டு, இருபது பேர். சரவணப் பொய்கையில் முழுகி, சொட்டச் சொட்ட வந்து, கூடத்தில் காவடி கட்டி, மலையேறி இறங்கி, அதே கூடத்தில் வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள். மாட்டையும் தறியையும் விட்டு அக்கா வெளியே தங்குவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

கல்பனா இரண்டு நாள் யோசித்தாள். யோசித்தாள் என்பதுகூடச் சரியில்லை. மனம் முதலிலேயே முடிவுசெய்துவிட்டது. அதைச் சொல்ல ஒரு நல்ல குரலைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு போன் செய்தாள்.

“தரை வேலை நடந்துகினு இருக்குதுக்கா. கிருத்திகைக்குள்ள முடியாது போல.”

“அதுக்கு இன்னாடி? மண்ணுத் தரையா இருந்தாலும் படுத்துக்குவோம்.”

“ஒரே தூசிக்கா. பசங்களுக்குச் சேராது.”

“ஆங், சரி. நீ வேலையப் பாரு” என்றாள் அக்கா.

கிருத்திகையன்று மதியம் வாசலில் தேவயானி நின்றாள். மலையிறங்கும்போது பிடித்த மழையில் மஞ்சள் புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் பிரசாதப் பை. அவள் பார்வை தங்கையின் தோளைத் தாண்டி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை பளபளத்துக் கிடந்த கூடத்துக்குப் போனது.

“வேலை முடிஞ்சுடுச்சு போல.”

கல்பனா கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

“நல்லாக் கீதுடி. எவ்ளோ ஆச்சு?”

“முப்பத்தஞ்சு.”

“ஜாக்கெட் தெச்சே போட்டுட்ட. கெட்டிக்காரிதான்.”

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று கல்பனா தேடினாள். இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“உள்ள வாக்கா.”

“ஈரமா கீறேன்.”

“பரவால்ல, வா.” கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா முந்தானையைப் பிழிந்தாள், ஆனால் படியேறவில்லை.

“எங்க தெருவுல வாத்தியார் வூட்ல இதான் போட்டாங்க. தண்ணி பட்டு அங்கங்க எழுந்துகினு நிக்குது. எனக்குத் தெரியாதா?” பையை நீட்டினாள். “சொல்லியிருந்தா, வெளியவே துணி மாத்தினு வந்திருப்போம்ல.”

கல்பனா பையை வாங்கிக்கொண்டு நின்றாள். “எங்கக்கா தங்கினீங்க?”

“சத்திரத்துல ரெண்டு ரூம். ஃபேன்லாம் கீது. அடுத்த வருஷத்துக்கும் உங்க மாமா சொல்லி வெச்சுட்டாரு. உனக்கும் எத்தினி வருஷம்தான் தொல்ல.” அதைச் சமாதானமாகத்தான் சொன்னாள். “பஸ்ஸுக்கு எல்லாரும் காத்துகினு இருப்பாங்க. வரேன்.”

“இருக்கா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வரேன்.”

“கதவச் சாத்துடி மொதல்ல. சாரல் உள்ள அடிக்குது பாரு.” சொல்லிக்கொண்டே தேவயானி நடக்கத் தொடங்கினாள்.

கல்பனா திரும்பிப் பார்த்தாள். நிலையோரம் நாலைந்து துளி தெறித்திருந்தது. உள்ளே போய், துணி எடுத்து, குனிந்து துடைத்தாள். ஓரப் பட்டியில் விரல் வைத்து ஈரம் இல்லையே என்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திப் பூட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மலையிலிருந்து கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க நனைந்த மஞ்சள் புடவைகள். அதில் எது அக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.