‘போறேன்’ என்று எழுதிய பூட்டு

வேலையிடத்தில் எனக்குப் பெயர் ‘போறேன்’. "இந்தப் பொழப்பே வேண்டாம், நான் போறேன்" என்று மூன்று வருடமாகத் தினமும் புலம்பியதால் சூப்பர்வைசர் வைத்த பெயர். என் பூட்டில் தொங்கும் அட்டையில்கூட என் பெயரை அடித்துவிட்டு அதைத்தான் எழுதிவைத்தார்கள். நானும் இளித்துக்கொண்டு விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அது சாதாரணப் பூட்டு இல்லை. கலவை டிரம்முக்குள் இறங்கிக் காய்ந்த சிமெண்டைச் சுரண்டுகிறவன், முதலில் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். அவனே வந்து திறக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. உள்ளே சுழலும் இரும்பு இறக்கைகளுக்குக் கல் எது, கால் எது என்று தெரியாது.

அன்று காலை நிஜமாகவே ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதியிருந்தேன். சொந்தக் காரணம் சூப்பர்வைசரின் மூஞ்சிதான். அவர் அதை டிராயருக்குள் வீசினார். இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று நான் வழக்கம்போல டிரம்முக்குள் இறங்கினேன். அவரோ வேலைப் பலகையில் டிரம் வேலைக்கு நேரே இருந்த என் பெயரை அப்போதே அழித்துவிட்டு, எலக்ட்ரீஷியன் பெயரை எழுதிவிட்டார். எலக்ட்ரீஷியன் என் மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

வியர்வை துடைக்கச் சற்று நிறுத்தியபோது வெளியே இரும்பு வெட்டுப்படும் சத்தம் கேட்டது. கத்திக்கொண்டே ஏறித் தலையை நீட்டினேன். என் பூட்டு தரையில் இரண்டாகக் கிடந்தது. கட்டர் மச்சினன் கையில். சூப்பர்வைசரின் விரல் பச்சைப் பட்டனுக்கு ஒரு சாண் தூரத்தில்.

"போறேன்னு எழுதித் தொங்குச்சு. லெட்டரும் குடுத்திருந்தே. போயிட்டேன்னு நெனச்சேன்," என்றார். அந்தப் பெயரை வைத்த அதே வாய். "அதான் ஒண்ணும் ஆகலையே."

வெட்டுவதற்கு முன் உள்ளே ஒரு குரல் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். லோடு நிற்கிறது, நேரமில்லை என்றார். என்னை வாளியில் அள்ளி வீட்டுக்கு அனுப்ப மட்டும் நேரம் இருந்திருக்கும். கை துறுதுறுத்தது. அடித்தால் குற்றவாளி நானாகிவிடுவேன் என்று பல்லைக் கடித்தேன்.

நேரே அவர் அறைக்குப் போய் டிராயரிலிருந்து கடிதத்தை எடுத்தேன். இருவரும் பின்னாலேயே வந்தார்கள். நான் மனம் மாறிவிட்டதாக நினைத்து மனிதர் முகம் மலர்ந்தது. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்பதை அடித்துவிட்டு, ‘நான் உள்ளே இருக்கும்போது என் பூட்டை வெட்டச் சொன்னதற்காக’ என்று எழுதி, அவர் பெயரையும் சேர்த்தேன். முதலாளி கையிலேயே கொடுக்கப்போகிறேன் என்றேன். மலர்ந்த முகம் சுண்டிப்போயிற்று. சாட்சிக் கையெழுத்துக்காக மச்சினனிடம் நீட்டினேன்.

அவன் பின்வாங்கினான். "போட்டா என் வேலை போயிடும் மாமா. வெட்டுனதும் நான்தானே."

"பலகையப் பாருடா. இனிமே டிரம்முக்குள்ள யாரு?"

பார்த்தான். அவன் பெயர்தான் இருந்தது. சூப்பர்வைசர் முறைக்க முறைக்கப் பேனாவை வாங்கினான். அவசரத்தில் விழுந்தது வெறும் கிறுக்கல்.

"முழுப்பேர, புரியற மாதிரி எழுது," என்றேன். "பூட்டுல என் பேரு ஒழுங்கா இருந்திருந்தா நீ வெட்டியிருக்க மாட்டே."