எம்.எல்.ஏ. சுடலையாண்டியின் கும்பிடு

ராயகிரி சுடலையாண்டி முதல்முறை எம்.எல்.ஏ. ஆன அன்று, அவருடைய கைகள் கும்பிட்டபடியே நின்றுபோயின. வெயில் ஏறிய ஒரு சித்திரை மாதம் முழுக்கத் திறந்த ஜீப்பில் நின்றுகொண்டு, ராயகிரியிலிருந்து திருவேங்கடம் வரைக்கும் கரிசல் காட்டு ஊர் ஒன்றுவிடாமல் கும்பிட்டிருந்தார். ஓட்டு எண்ணி முடித்து, வெற்றிச் சான்றிதழை அதிகாரி நீட்டியபோது வாங்கக் கை பிரியவில்லை. அவர் அடக்கத்தில் நிற்கிறார் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. அதிகாரியும் சிறிது நேரம் அப்படித்தான் நினைத்தார். கடைசியில் மனைவி ஆவுடையம்மாள் முன்னால் வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டாள். மறுநாள் தென்காசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு தனித்தனியாக இருந்தது, தோல் ஒட்டவில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு தாளை நுழைத்தால் அந்தப் பக்கம் வந்தது. ஆனால் கை பிரியவில்லை. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் வேட்பாளர்களைப் பற்றி ஒரு பழைய குறை உண்டு. ஓட்டுக் கேட்கும்போது காலில் விழாத குறையாகக் கும்பிடுவான், ஜெயித்த பிறகு கார் கண்ணாடியைக் கூட இறக்க மாட்டான் என்பது அது. சுடலையாண்டி அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார். கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு, தாலுகா ஆபீஸ், கோயில் கொடை எங்கே போனாலும் கும்பிட்டபடியே வந்து, கும்பிட்டபடியே போனார். ரோடு போட்டாரா, குளத்தைத் தூர்வாரினாரா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. "நம்ம ஆளு ஜெயிச்ச பெறவும் கும்பிட்ட கைய எடுக்கலேல்லா" என்று சொல்லியே அடுத்த தேர்தலிலும் அதற்கடுத்த தேர்தலிலும் ஓட்டுக் குத்தினார்கள். எதிராளி ஒருவர், அது பக்தியல்ல பசை என்று மேடையில் பேசி டெபாசிட்டை இழந்தார். கை நீட்டி ஒரு பைசா வாங்காத மனிதர் என்று பெயர் வேறு வந்தது. மச்சினன் கையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

சட்டமன்றத்தில் அவர் பி.ஏ. படித்த கைநாட்டாக இருந்தார். கட்டைவிரல் இரண்டும் வெளியே இருந்ததால் மைப் பெட்டியில் ஒற்றி வருகைப் பதிவேட்டில் வைத்தார். தலைவர்கள் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கும்பிட்டபடி ஒருவர் நிற்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மந்திரி பதவி என்று பேச்சு வந்தபோதெல்லாம், கோப்பில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். கும்பிடுகிறவனுக்கு மேற்கொண்டு எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தக் காலம் பூராவும் அவருக்குக் கையாக இருந்தவள் ஆவுடையம்மாள். பல் தேய்த்துவிடுவது, சோறு ஊட்டுவது, வேட்டி கட்டிவிடுவது, மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்டுவது எல்லாம் அவள்தான். தென்காசியில் ஒரு தையல்காரரிடம் சொல்லி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை பொத்தான் வைத்த சட்டைகளைத் தைத்து வைத்திருந்தாள். அவர் சாப்பிட்டு வாய் துடைத்த பிறகு, அடுக்களையில் ஆறிப்போனதை நின்றபடியே விழுங்குவாள். வேறு ஆளை வைக்கலாம்தான், வைத்தும் பார்த்தார்கள். ஆள் கை பட்டால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் சங்கரேஸ்வரி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தபோது, அவளைக் கவனிக்க ஒரு அம்மாவைக் கூலிக்கு வைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது பிள்ளை கோயம்புத்தூரில் பிறந்தது. அந்தப் பிள்ளையை ஆவுடையம்மாள் போனில்தான் பார்த்தாள். அவள் இதைப் பற்றி யாரிடமும் முறையிட்டதில்லை. முறையிடுவதற்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டுமே.

ஐந்தாவது பதவிக்காலத்தில் சுடலையாண்டிக்கு அலுப்புத் தட்டியது. தோள்பட்டை இறங்கிவிட்டது. இன்னொரு சித்திரை வெயிலில் ஜீப்பில் நிற்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது. அப்போதுதான் கவர்னர் ஆசை வந்தது. அவருடைய உதவியாளர் துல்கர்னைன், கடையநல்லூர்க்காரர், சவூதியில் தம்மாமில் பதினாலு வருஷம் கணக்கெழுதிவிட்டு வந்தவர், கவர்னர் வேலையை இப்படி விளக்கினார்: "ஜனங்க முன்னால போயி நிக்க வேண்டாம் அண்ணாச்சி. எல்லாவனும் வந்து ஒங்களக் கும்பிட்டுட்டுப் போவான்." ஆவுடையம்மாளையும் சேர்த்து மூன்று பேரும் டெல்லிக்கு நடையாய் நடந்தார்கள். கட்சிப் பெரியவர்களின் வீட்டு வாசல்களில், மார்கழிக் குளிரில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருமுறை வழியில் போன ஒரு பெண்மணி அவர் கும்பிட்டிருப்பதைப் பார்த்து மனமிரங்கி, மடியில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள். ஆவுடையம்மாள் அதை உரித்து அவருக்கு ஊட்டினாள். அப்படி மூன்று வருஷம் போனது.

கடைசியில் அந்தக் கைதான் காரியத்தை முடித்தது. வடகிழக்கில் ஒரு சிறிய மாநிலத்துக்குக் கவர்னர் வேண்டியிருந்தது. அங்கே ஆட்சியில் இருந்தது எதிர்க்கட்சி. அவர்கள் மாதத்துக்கு ஒரு மசோதா அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்தே போட முடியாத ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் டெல்லியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விஜயசங்கர் என்று ஒரு பிரமுகர், தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து டெல்லியிலேயே தலை நரைத்தவர், நேரில் பார்த்துச் சொல்வதற்காகக் குற்றாலம் வருவதாக ஏற்பாடானது. ஆனி முடிகிற நேரம், நல்ல சாரல். ஆவுடையம்மாளுக்கு இதில் ஒரே ஒரு கணக்குதான் இருந்தது. ஆடி பிறந்ததும் சங்கரேஸ்வரிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ராஜ்பவனில் பத்துப் பேர் இருப்பார்கள், யார் ஊட்டினாலும் விழுங்கித்தான் ஆகவேண்டும், தான் கோயம்புத்தூர் போய்விடலாம் என்று அவள் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தாள்.

விஜயசங்கர் வருவதற்கு முந்தின நாள் காலையில், ஐந்தருவிக்குப் பக்கத்தில், சுடலையாண்டி பலகையில் கிடந்து மசாஜ்காரரிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். துல்கர்னைன் போனோடு ஓடிவந்தார். டெல்லியில் முடிவாகிவிட்டது, நாளைக்கு வருகிறவர் சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறார், அவ்வளவுதான் என்றார். "இனிமே எவங்கிட்டயும் ஓட்டுக் கேட்டு நிக்க வேண்டாம் அண்ணாச்சி." சுடலையாண்டி எழுந்து அருவிக்குள் போனார். தலையில் அடித்த தண்ணீர் தோளில் இறங்கி முழங்கை வழியாக ஓடியபோது, கைகள் இரண்டும் சாதாரணமாகப் பிரிந்து தொங்கின. எண்ணெய் தேய்த்தவர் அது தன் தைலத்தின் மகிமை என்று பிற்பாடு போர்டு எழுதி வைத்தார், எழுதிக்கொள்ளட்டும். உள்ளங்கை இரண்டும் நடக்கப் பழகாத பிள்ளையின் பாதம்போல் வெளுத்து மெத்தென்று இருந்தன. அந்தக் கைகளால் சுடலையாண்டி முதலில் செய்தது, முதுகை நன்றாகச் சொறிந்துகொண்டதுதான்.

துல்கர்னைன் பதறிப்போய்த் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, அவரை விடுதி அறைக்குக் கூட்டிவந்தார். ஆவுடையம்மாள் துண்டை விலக்கிப் பார்த்தாள். உள்ளங்கையை விரலால் ஒருமுறை அழுத்தினாள். பிறகு கட்டிலில் படுத்தாள், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அவள் பகலில் தூங்கி யாரும் பார்த்ததில்லை என்பதால், துல்கர்னைன் இரண்டுமுறை மூச்சு வருகிறதா என்று வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். இதற்கிடையில் ஆண்கள் இருவரும் யோசித்தார்கள். கை சரியாகிவிட்டது தெரிந்தால் பதவி போய்விடும். ஆர்டர் வரும்வரை கும்பிட்டபடியே இருந்தால் போதும், அப்புறம் அங்கே போயும் கொஞ்ச நாளைக்கு இருந்தால் போதும். அது என்ன பெரிய காரியம் என்று சுடலையாண்டி கையைக் கூப்பிப் பார்த்தார். பால் பொங்குகிற நேரம்கூடத் தாங்கவில்லை. முழங்கை நடுங்கியது, தோள் கடுத்தது. இத்தனை வருஷம் கூப்பியிருந்ததில் இந்த வலி ஒருநாளும் இருந்ததில்லை. துல்கர்னைன் கண்ணுக்குத் தெரியாத டேப்பை வாங்கிவந்து இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து ஒட்டினார்.

மறுநாள் காலையில் சுடலையாண்டி மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். மத்தியானம் விஜயசங்கர் கூட உட்கார்ந்து சாப்பிடுவார், எப்போதும்போல் ஊட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"இன்னைக்கு ஒரு நாள் ஊட்டு ஆவுட. ஆர்டர் வந்துட்டா ஒனக்கு விடுதல."

"எனக்கு நேத்தே விடுதல கெடச்சிட்டு" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "வெளங்காத கைக்கு ஊட்டுனேன். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. வெளங்குத கைக்கு ஊட்டச் சொல்லுதீகளே, அது கேவலம்லா."

"மதினி, அண்ணாச்சி இத்தன வருசம் பட்ட பாட்ட நெனச்சுப் பாருங்க" என்றார் துல்கர்னைன்.

"யாரு பட்ட பாட்ட?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள். எப்படியும் ஆள் வந்து உட்கார்ந்ததும் ஊட்டிவிடுவாள், பழக்கம் விடாது என்று இருவரும் தங்களுக்குள் தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

விஜயசங்கர் மழையோடு வந்து சேர்ந்தார். கும்பிட்ட கையை நாலாப் பக்கமும் சுற்றிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். நாட்டுக்கு இப்படிப்பட்ட கை தேவைப்படுகிற காலம் என்றார். இலை போட்டார்கள். சோறு, தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். ஆவுடையம்மாள் வழக்கம்போல் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இலையில் எல்லாம் பரிமாறியானதும், தனக்கு ஒரு இலை போடச் சொன்னாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள்.

விஜயசங்கர் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார். "அம்மா, ஐயாவுக்கு?"

"சாப்பிடுவாக" என்றாள் ஆவுடையம்மாள்.

சுடலையாண்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாப்பிடுவதை அவர் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. முதலில் அப்பளத்தை நொறுக்கித் தனியாகத் தின்றாள். பிறகு சொதியை ஊற்றி, இஞ்சிப் பச்சடியை ஓரமாகத் தொட்டுத் தொட்டு, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். அவள் சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தன் இலையில் ஆவி அடங்குவதையும் அவர் பார்த்தார். அப்போது அவர் செய்யவேண்டியிருந்தது ஒன்றுமேயில்லை. பசிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கவர்னர். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று துல்கர்னைன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். ஆனால் தோள் கடுத்தது. ராஜ்பவனில் முன்பின் தெரியாத பத்துப் பேர் கையால் ஐந்து வருஷம் விழுங்கவேண்டும், அத்தனை நாளும் இந்தக் கையைத் தன் பலத்தால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தபோது, அவருக்குப் பெரிய களைப்பாக இருந்தது. டேப் கிழிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் வலது கையைச் சொதிச் சோற்றில் வைத்துப் பிசைந்தார். விரல்களுக்குப் பழக்கம் போய்விட்டதால் முதல் கவளம் முழங்கை வழியாக ஓடியது, இரண்டாவது மீசையில் அப்பியது. ஆவுடையம்மாள் தன் இலையிலிருந்து பார்வையை எடுக்காமல், தண்ணீர்த் தம்ளரை அவருடைய இடது கைப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

விஜயசங்கர் சொதி பிரமாதம் என்று சொல்லி, இன்னொருமுறை வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பேப்பரில் வந்த பெயர் வேறு ஒருவருடையது. இரண்டு கையும் நன்றாக இருந்தும் கையெழுத்துப் போடாமல் இருக்கத் தெரிந்தவர் என்று அவரைப் பற்றிச் சொன்னார்கள். தேவா என்ற ஒன்றியச் செயலாளருக்கு அடுத்த தேர்தலில் சீட்டுக் கொடுப்பதென்று கட்சி முடிவு செய்தது. சுடலையாண்டியின் கை பிரிந்த செய்தி தொகுதி முழுக்கப் பரவியபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. சாரல் விட்டுவிட்டது என்பதுபோலத்தான் பேசிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு பேர் அவர் கையைக் குலுக்கிப் பார்த்து, ரொம்ப மெத்தென்று இருக்கிறதே என்றார்கள்.

ஆடி பிறந்து நாலாம் நாள், ஆவுடையம்மாள் தென்காசியில் கோயம்புத்தூர் பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாகப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர் சுடலையாண்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகளுக்குத் தலை வாரிவிடுவதும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுமாக ஆவணி போனது, புரட்டாசி போனது. எப்போது வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தினமும் ஒரு மணி வாக்கில் போன் மட்டும் செய்வாள். ஒருநாள், சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார்.

"எச்சிக் கையோட போன எப்படிப் புடிச்சிருக்கீக?"

"எடது கையில."

அவள் தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டாள். பிறகு, சரி சாப்பிடுங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.