உபயம் பன்னிரண்டு பேர்

கல்லின் மேல் கிடந்த ஈரச்சாக்கைக் கல்தச்சர் சோலை இழுத்துப் போட்டதும் முதலில் சிரித்தது சீனியம்மாள்தான். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அப்படியும் எனக்கு முன்னால் படித்துவிட்டாள்.

"உ... ப... யம். அடி நாகமணி, உபயம்னு போட்டுருக்காருடி!"

திருப்பரங்குன்றம் போகிற ரோட்டோரம் சோலையின் கல்பட்டறை. தும்பிக்கை இன்னும் வராத பிள்ளையார் ஒருவரும் நாலைந்து அம்மிகளும் வெயிலில் கிடக்க, நடுவில் எங்கள் கல் நின்றது. மூன்றரை அடி, கறுப்பு. நான் தாளில் எழுதிக் கொடுத்த வாசகத்தில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. 'இவ்விடத்தில் இருந்த விடுதியில் அடியும் பசியும் பட்டு வளர்ந்த பெண்பிள்ளைகளின் நினைவாக.' அதன் கீழே பதினோரு பெயர்கள். ஆனால் பெயர்களுக்கு மேலே, மதுரையில் எந்தக் கோயில் படியிலும் பார்க்கிற மாதிரி, பூப்போட்ட கட்டத்துக்குள் 'உபயம்'.

"ஏண்ணே, உபயம்னு யாரு போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. வரிசையாப் பேரு குடுத்தீக. கல்லுல வரிசையாப் பேரு வந்தா அது உபயம்தான? எழுத மறந்துட்டீகன்னு நெனச்சேன். இருபத்தெட்டு வருசத்துல உபயம் இல்லாம நான் ஒரு கல்லு எறக்குனதில்ல. சுடுகாட்டுக் கொட்டகைக்கே போட்டுருக்கேன்."

"அது சரி. உச்சியில என்ன?"

உச்சியில், எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக, 'தலைமை: திருமதி நாகமணி ஹரிராம்' என்றிருந்தது. சோலை என் பின்னால் பார்த்தார். அங்கே என் தலைக்குக் குடை பிடித்தபடி என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பிறந்தநாள் புடவையை ஒளித்து வைத்துக் கொடுக்கும்போது வருமே, அந்தச் சிரிப்பு.

"நான்தான் சொன்னேன் நாகு. ஆறு மாசமா நாயா அலையிறே. கவுன்சிலர்தான் பேர் வேணாம்னுட்டாரு. உன் பேராவது இருக்கட்டுமேன்னு."

கவுன்சிலர் மருது கதை தனி. வில்லாபுரத்துப் பூங்காவில் கல் நடுவதற்கு உத்தரவு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். வாசகத்தைப் படித்ததும் முகம் சுருங்கிவிட்டது. "அடி, பசின்னெல்லாம் வேணாம்க்கா. இன்னல்னு போடுவோம், கௌரவமா இருக்கும்." அதற்குச் சீனியம்மாள், "இன்னல்னா என்ன தம்பி? அது ஒடம்புல எங்கிட்டு வலிக்கும்?" என்று கேட்டாள். மனிதர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்ப எம் பேரு மட்டும் போட்டுறாதீக" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கல்லில் தன் பெயர் வேண்டாம் என்று ஒரு அரசியல்வாதி கும்பிட்டது மதுரையில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அந்தப் பூங்கா இருக்கும் இடத்தில்தான் விடுதி இருந்தது. இடித்து இருபது வருஷம் ஆகிறது. பெரியம்மா என்று நாங்கள் கூப்பிட வேண்டியிருந்த ஒரு வார்டன், இரண்டு ஆயாக்கள், விறகு அறை ஒன்று. தப்பு செய்த பிள்ளை விறகு அறையில் இருக்கும். எது தப்பு என்பது அன்றன்றைக்கு மாறும். பெரிய மனுஷர்கள் போட்டோவுக்கு வந்தால் ஆளுக்கொரு லட்டு கையில் வைப்பார்கள். கார் தெருவைத் தாண்டியதும் ஆயா வாளியோடு வந்து திரும்ப வாங்கிக்கொள்வாள். ஒரே லட்டை நான் மூன்று பிரமுகர்களுக்குப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நக்கிப் பார்த்ததற்குத் தங்கப்பொண்ணு விறகு அறைக்குப் போனாள். காய்ச்சலோடு போனவள் திரும்பவில்லை. அவளுக்கு ஒன்பது வயது.

அங்கே எல்லாவற்றிலும் பெயர் இருந்தது. தட்டில், தம்ளரில், பெஞ்சில், லைட்டில், எல்லாம் யாருடைய உபயமோ. சீனியம்மாள் எழுத்துப் படித்ததே தட்டுகளில்தான். காலையில் சாமி கும்பிட்டதும் அந்தப் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும், ஒன்று விட்டால் கஞ்சி இல்லை. எங்கள் பெயர் மட்டும் எதிலும் இல்லை. அதனால்தான் கல் என்று பேச்சு வந்தபோது சிலை வேண்டாம், விளக்கு வேண்டாம், பெயர் வேண்டும் என்றோம்.

பெயர்களை எல்லாம் தேடிச் சேர்த்தது நான். என் பெயரை மட்டும் சேர்க்கவில்லை.

"உன்னோடது எங்கடி?" என்று சீனியம்மாள் அப்போதே கேட்டாள்.

"பதினொண்ணு ராசியான எண்ணுடி. பன்னெண்டு நல்லா இருக்காது."

"ராசியா! உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது, அம்புட்டுத்தான? நாப்பத்தோரு வருசமாவாடி?"

தெரியாது. சிநேகிதி சீனியம்மாளுக்காக அலைகிறேன் என்றுதான் இவர் நினைத்திருந்தார். பதினைந்து வயதில் என் மாமா வந்து விடுதியிலிருந்து கூட்டிப் போனார். விடுதிப் பெண் என்றால் எங்கள் சௌராஷ்டிர ஜனத்தில் எவன் கட்டுவான் என்று, பரமக்குடியில் ருக்குமணி அத்தை வீட்டில் வளர்ந்த பெண் என்று சொல்லிவிட்டார். அப்படி ஓர் அத்தை கிடையாது. மாமா பெற்றார், நான் வளர்த்தேன். அத்தை எனக்குப் பாலை ஆற்றிக் கொடுப்பாள், தலை பின்னிவிடுவாள், ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. யாரும் எனக்குச் செய்யாததையெல்லாம் அத்தை செய்தாள். இவருக்கு அவள்மேல் அத்தனை பிரியம். பார்த்தே தீரவேண்டும் என்று பஸ்ஸுக்கு ரிசர்வ் செய்துவிட்டதால், கல்யாணமான பதினோராம் வருஷம் அவளைச் சாகடிக்க வேண்டியதாயிற்று. 'காரியமெல்லாம் முடிஞ்சிருச்சாங்க, கடிதாசி இப்பத்தான் வந்தது' என்று அழுதேன். நிஜமாகவே அழுகை வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு புரட்டாசி அமாவாசைக்கும் இவர் தன் அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது ருக்குமணி அத்தைக்கும் சேர்த்து விடுகிறார்.

இப்போது பட்டறையில் குடைக்குக் கீழே நின்றுகொண்டு உச்சியில் இருந்த என் பெயரைப் பார்த்தேன். தலைமை. பெரிய எழுத்து. கீழே பதினோரு பேரும் சின்ன எழுத்தில் வரிசையாக நிற்கிறார்கள், லட்டுக்கு நின்ற மாதிரி. நான் காரில் வந்து இறங்கியவளாக மேலே இருக்கிறேன்.

"சோலைண்ணே, இந்தத் தலைமைய எடுத்துருங்க."

"கல்லும்மா. கொத்தித்தான் எடுக்கணும். பள்ளம் தெரியும்."

"தெரியட்டும்."

"உபயத்தையும் கொத்தணுமா?"

"அது கெடக்கட்டும்யா" என்றாள் சீனியம்மாள். "சின்னப்புள்ளையில அவுக பேரப் பூராம் நாங்க ஒப்பிச்சோம்ல. இனி வாக்கிங் வர்றவுக எங்க பேர ஒப்பிக்கட்டும். பட்ட அடி எங்க உபயம்தான?"

"சரி. அம்மா பேரு?"

"கீழ போடுங்க. தங்கப்பொண்ணுக்கு அடுத்து."

என் வீட்டுக்காரர் குடையோடு குனிந்தார். "நாகு, அங்க போட்டா உன்னையும் அந்த விடுதிப் பிள்ளைன்னு நினைச்சுருவாங்க."

"நினைக்கட்டும். ஏழு வருஷம் அங்கதான் இருந்தேன்."

ரோட்டில் ஒரு மினிபஸ் குத்துப்பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனது. அது போய் முடிந்ததும் அவர் குடையை என் கையில் கொடுத்தார். பிறகு பக்கத்தில் கிடந்த அம்மியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப பரமக்குடி?"

"நான் பார்த்ததே இல்லீங்க."

"அத்தை?"

"இல்ல."

"இல்லன்னா?"

"எப்பவுமே இல்ல."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். மில்லில் முப்பத்தைந்து வருஷம் டைம்கீப்பராக இருந்தவர், ஒரு நிமிஷப் பொய்க்கே கத்துகிறவர். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"நல்ல பொம்பளையா இருந்தாளே நாகு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோலை ஒன்றும் புரியாமல் உளியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"முப்பது வருஷம் எள்ளும் தண்ணியும் விட்டிருக்கேன்" என்றார் இவர். இந்தத் தடவை கேள்வி எனக்கில்லை, சீனியம்மாளுக்கு. "ஆளே இல்லன்னா அதெல்லாம் யாருக்குப் போச்சு?"

சீனியம்மாள் யோசிக்கவேயில்லை. "தங்கப்பொண்ணுக்குப் போயிருக்கும்ணே. அவளுக்கு விட வேற யாரு இருக்கா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். கல்லுக்கு முன்னால் வந்து குந்தினார்.

"தங்கப்பொண்ணு எது?"

சோலை உளி முனையால் காட்டினார். கடைசி வரி. அதற்குக் கீழே இரண்டு விரல்கடை இடம்தான் இருந்தது. செங்காவியில் நூல் பிடித்து ஒரு கோடு போட்டார்.

"நாகமணி ஹரிராம்னு போட எடம் பத்தாதும்மா."

"நாகமணி போதும். நான் அங்க இருந்தப்ப இவர் இல்லை."

"சரிதான்" என்றார் என் வீட்டுக்காரர் கல்லைப் பார்த்தபடியே. "அப்ப நான் இல்லை."

உச்சி வெயில் கறுப்புக் கல்லில் பட்டுக் கண் கூசியது. காவிக் கோடு தெரியவில்லை என்று சோலை கையால் மறைத்து மறைத்துப் பார்த்தார். இவர் எழுந்து, என் கையில் இருந்த குடையை வாங்கிக் கல்லுக்குப் பிடித்தார். பன்னிரண்டு வரிகளும் நிழலுக்குள் வந்தன. எங்கள் மூன்று பேர் தலையிலும் வெயில் விழுந்தது. சோலை 'நா'வுக்கு முதல் உளியை வைத்தார்.