சத்தம் போன வண்டி

“வண்டியில சத்தம் வரலேன்னு கொற சொல்லிக்கிட்டு வந்த மொத ஆளு நீதான் மச்சான்” என்றார் லூர்துசாமி. வாயில் கவ்வியிருந்த சிற்றாணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுத்தான் இதைச் சொன்னார். திருப்பாதிரிப்புலியூரில் அவருடைய குஷன் கடை வாசலில் அந்தப் பழைய ஹில்மேன் கார் நான்கு கதவுகளும் திறந்து கிடக்க நின்றது. அதன் டிரைவர் உத்திராபதி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். குனிந்து கார்ப்பெட்டின் ஓரத்தை நெண்டுவார், விட்டுவிடுவார், அடுத்த கதவுக்குப் போவார், அங்கேயும் நெண்டுவார். முதலாளியின் காரை நடுத்தெருவில் இப்படித் திறந்துபோட்டு நிற்கிற ஆளே இல்லை அவர்.

“தண்ணி ஏறுதா?”

“இல்ல.”

“மக்குன வாசன வருதா? சூடு அடிக்குதா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வேல சுத்தமா இருக்கு. மேல கார்பெட்டு இருக்கட்டும். அடியில போட்ட ஃபெல்ட்ட மட்டும் உருவிடு.”

லூர்துசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? அந்தத் தரையோடு அவர் மல்லுக்கு நின்றதற்கு உத்திராபதியே சாட்சி. பழைய கார்ப்பெட்டைப் பிரித்தபோது அடியில் கிடந்த கம்பளி, அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழையை முழுசாகக் குடித்துவிட்டு, ஊறப்போட்ட புண்ணாக்கு மாதிரி கையோடு வந்தது. அதற்கும் அடியில் தகரம் இற்றுப்போய் ஒரு பெரிய ஓட்டை. வண்டி போகும்போது அதன் வழியே ரோடு ஓடுவது தெரியும். புதுத் தகரம் வெட்டிப் பற்றவைத்து, தார் காய்ச்சிப் பூசி, அது இறுகியதும் மெட்ராஸிலிருந்து வரவழைத்த கனத்த ஃபெல்ட் கம்பளியை இரட்டையாக விரித்து, காகிதத்தில் அளவெடுத்து வெட்டிய அரக்குநிறக் கார்ப்பெட்டை அதன்மேல் பசைபோட்டு ஒட்டியிருந்தார். கல்யாணப் பந்தலில் நடப்பது போல இருக்கும் என்று அவரே அதில் வெறுங்காலை வைத்துப் பார்த்துப் பெருமைப்பட்ட வேலை.

“உருவுனா கார்பெட்டு கிழியும். வண்டிய ரெண்டு நாள் விடணும். மொதலாளி சொன்னாரா, நீயா சொல்றியா?”

முதலாளியைச் சிதம்பரம் அழைத்துப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. உத்திராபதி கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

இந்த வேலையை முதலாளியிடம் நச்சரித்துச் செய்ய வைத்ததே உத்திராபதிதான். கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில் இரும்புக்கடையும் சிதம்பரத்தில் இன்னொரு கடையும் வைத்திருந்த ரஃபியுதீன், கார் விஷயத்தில் கை இறுக்கம். ஓடுகிற வண்டிக்கு எதற்கு ஜோடனை என்பார். “அம்மாவுக்குக் காலு சுடுது மொதலாளி” என்று சொல்லித்தான் உத்திராபதி காரியத்தைச் சாதித்தார். அது பொய்யில்லை. ரஃபியுதீனின் மனைவி சலீமா பீவி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் காரில் உட்காருவார்கள். தரை கொதிக்கும்போது பாதங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் அம்மாவின் பாதத்துக்காக மட்டும் உத்திராபதி அப்படி அலையவில்லை.

அவருடைய இடது கண்ணில் புரை விழுந்திருந்தது. முதலில் பனி மாதிரி இருந்தது, பிறகு மோர் மாதிரி ஆனது. இப்போது அந்தப் பக்கம் வெளிச்சம் உண்டு, ஆள் தெரியாது. மனைவி மாரியம்மாளிடம்கூட மூச்சு விடவில்லை. கண் போன டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? வைகாசியில் மகள் அமிர்தத்துக்குக் கல்யாணம். ‘ஓ.டி. இரும்புக்கடை மொதலாளியோட டிரைவர்’ என்ற பெயருக்காகத்தான் மாப்பிள்ளை வீட்டார் தேடி வந்திருந்தார்கள். ஆகவே கண் விட்ட இடத்தைக் காதால் பிடித்துக்கொண்டிருந்தார். மாட்டின் கழுத்துச் சலங்கை, சைக்கிள் மணி, ஆடு ஓட்டுகிறவன் குரல் எல்லாம் அவருக்கு அடையாளம். ஓட்டைத் தரை போட்ட கடகட சத்தம்தான் அதற்கு எமனாக இருந்தது. அதை அடைத்துவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் தள்ளிவிடலாம் என்று நினைத்தார்.

நினைத்தது பலித்தது. வேலை முடிந்து முதல் முறையாகச் சிதம்பரம் போனபோது, புளியமரத்தில் கிளி கத்துவதுகூட அவருக்குக் கேட்டது. சந்தோஷத்தில் மீசையை நீவிக்கொண்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும் பின்சீட்டில் முதலாளியும் அம்மாவும் பேசுவதும் கேட்டது. பேசிய இருவருக்கும் தங்கள் குரல் முன்னால் எட்டும் என்ற நினைப்பே இல்லை. அந்தக் கடகடப்பின் மறைவிலேயே இத்தனை வருஷம் பேசிப் பழகியவர்கள்.

“கண்ணு இன்னும் மோசமாயிடுச்சுங்க. போன வாரம் அந்த சைக்கிள நான் மட்டும் சொல்லலேன்னா ஆள அடிச்சிருப்பாரு” என்றார்கள் சலீமா பீவி.

“தெரியும்.”

“தெரியும் தெரியும்னே இருங்க. எனக்கு முட்டிவலி ஜாஸ்தியாயிடுச்சு. வாரா வாரம் வந்து ரோட்டையே பாத்துக்கிட்டு ஒக்கார முடியல.”

“வைகாசி வரைக்கும் பொறுத்துக்க. இப்ப நிறுத்துனா மாப்ள வூட்டுக்காரன் என்னா பேசுவான்? பொண்ணு கல்யாணம் முடியட்டும். அப்புறமா நானே சொல்றேன்.”

அந்த நேரம் பார்த்து, “ஏங்க, அந்த ஆட்டுக்குட்டிய பாருங்க, எவ்ளோ அழகா நிக்குது” என்று சலீமா பீவி முன்னால் சாய்ந்து உரக்கச் சொன்னார்கள். உத்திராபதியின் கால் தன்னால் பிரேக்குக்குப் போனது. இடது ஓரத்திலிருந்து குட்டி ஒன்று துள்ளி ரோட்டின் நடுவுக்கு வந்தது.

இதைத்தான் எத்தனை நாள் வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பார். அம்மாவுக்கு ஆட்டைக் கண்டாலும் அதிசயம், சைக்கிளைக் கண்டாலும் அதிசயம், ரோட்டில் உளுந்துச்செடி காயப்போட்டிருந்தாலும் அதிசயம் என்று மாரியம்மாளிடம் நடித்தே காட்டுவார். இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அத்தனை அதிசயமும் இடது பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. வலது பக்கத்தில் இருந்த ஒன்றைக்கூட அந்த அம்மாள் இதுவரை மெச்சியதில்லை.

வெட்கமா, ஆத்திரமா, கும்பிட வேண்டும் போன்ற நன்றியா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அது அவரைச் சோறு தின்னவிடவில்லை, ஓர் இடத்தில் உட்காரவிடவில்லை. சோம்பல் முறிப்பது போலக் கழுத்தைத் திருப்பி இடது பக்கம் பார்ப்பது, தூசி விழுந்ததாகக் கண்ணைக் கசக்குவது என்று அவர் போட்ட வேஷத்தையெல்லாம் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். சத்தம் திரும்பி வந்துவிட்டால் எதுவும் காதில் விழாது. காதில் விழாதவரை அவர் பழைய உத்திராபதி. அதற்காகத்தான் லூர்துசாமி கடையில் போய் அப்படி நின்றார்.

அதே நாள் சிதம்பரப் பயணத்துக்கு சலீமா பீவி முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்கள். சிதம்பரத்தில் மகள் சர்புன்னிசா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “இந்தக் காலோட ஏன் உம்மா வாரா வாரம் அலையிறீங்க? நான் வந்து பாக்க மாட்டேனா?”

“சும்மா காத்தாட வரேன்” என்று உள்ளே போனார்கள். உத்திராபதி துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

திரும்பும்போது புவனகிரிப் பாலத்தைத் தாண்டும் முன்பே முதலாளி குறட்டைவிட ஆரம்பித்தார். சாயங்கால வெயில் இடது பக்கமிருந்து சாய்வாக அடித்தது. புரைக்கண்ணில் வெறும் வெள்ளைதான். அம்மா எதையாவது மெச்சுவார்கள் என்று உத்திராபதி காத்திருந்தார். கூரைவீடுகள் போயின, குளம் போனது, பின்னாலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணாடியில் பார்த்தார். சலீமா பீவி தலையை ஜன்னலில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெறும்பாதம் இரண்டும் அரக்குக் கார்ப்பெட்டில் சுகமாகப் பதிந்திருந்தன. சூடு இல்லை, சத்தம் இல்லை, வலிக்கிற காலுக்கு மெத்தென்ற தரை. தூங்காமல் என்ன செய்வார்கள்?

கிறீச் என்று இடது பக்கம் ஏதோ உரசியது. ஒரு சைக்கிள்காரன் அவர் அம்மாவையும் அப்பனையும் இழுத்துத் திட்டிக்கொண்டே பின்னால் போனான். மணி அடித்திருக்க மாட்டான், அவருக்கு எப்படித் தெரியும்? வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். இறங்கிப் போய் மட்கார்டில் விழுந்திருந்த கீறலைத் தடவிப் பார்த்தார். ஒரு ஜாண் தள்ளியிருந்தால் அந்த ஆள் சக்கரத்துக்குள் போயிருப்பான். பின்சீட்டில் இருவரும் அசையவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே கடலூர் போய்விடலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. வைகாசிக்கு இன்னும் எத்தனை நாள்தான் இருக்கிறது? ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடுவதே கேட்காத மாதிரி ஓடியது.

“அம்மா” என்றார்.

சலீமா பீவி விழித்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். “கடலூரு வந்துடுச்சா?”

“இல்லம்மா. எடது பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியல. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

முதலாளியின் குறட்டை நின்றது. ஆனால் அவர் கண்ணைத் திறக்கவில்லை. சலீமா பீவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து, முன்சீட்டின் முதுகில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்கள். கத்திச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

“ஒரு பொம்பள புல்லுக்கட்டு தூக்கிக்கிட்டு வருது” என்றார்கள் தணிவாக. “அது போவட்டும்.”

உத்திராபதி கிளட்ச்சை மிதித்தபடி காத்திருந்தார். வளையல் சத்தமும் பச்சைப்புல் வாசனையும் இடது ஜன்னலோரம் மெதுவாகக் கடந்து போயின.