எலுகல என்று சொல்ல வாய் வராதவன்

எலுகல சுப்பாராயுடு, தன் பெயருக்கு முன்னால் தலைமுறையாக வந்த வீட்டுப் பெயரை எப்போது தலைமுழுகினான் என்று தணுகு ஊரில் யாருக்கும் நினைவில்லை. அவன் மனைவி மங்கதாயாருக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிமெண்ட் கடையில் நாலு காசு சேர்ந்ததும், 'ராயகோட்ட சுப்பாராயுடு' என்று பலகை எழுதி மாட்டினான். கேட்டவர்களிடம் தன் முப்பாட்டன் கோட்டைத் தளபதி என்றான். கோட்டையாம், தளபதியாம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் கொல்லைவழியாகச் சுற்றிப் போகிற மனுஷன்.

தெலுங்கில் எலுகல என்றால் எலிக்காரர். பஞ்ச காலத்தில் அவன் முப்பாட்டன் வயல் வயலாக எலிவளை தோண்டி, கிடைத்த நெல்லில் தெருவுக்கே கஞ்சி காய்ச்சி ஊற்றினார். அதற்காக ஊர் வைத்த பெயர். அதைச் சாக்கடையில் வீசியவனை மங்கதாயாரு மனசுக்குள் எத்தனையோ தடவை காறித் துப்பியிருக்கிறாள். ஆனால் வாய் திறந்ததில்லை. பெயரா சோறு போடப் போகிறது என்று விட்டுவிட்டாள்.

இப்போது அது மகளின் கழுத்தைப் பிடித்தது. ஸ்ரவந்தி, கூட வேலை பார்க்கும் ஹேமசுந்தரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். மற்ற எல்லாம் பொருந்தின. ஆனால் அவன் நிஜமான ராயகோட்ட வீட்டுப் பையன். வீட்டுப் பெயர் ஒன்றானால் பங்காளி. பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை.

"அவங்கப்பா விசாரிக்க வர்றாரு. நாம எலுகலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கப்பா" என்று ஸ்ரவந்தி கெஞ்சினாள்.

"பாத்துக்கறேன் போ" என்றான் சுப்பாராயுடு.

ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பா நரசிங்கராவு பெரிய காரில் வந்து இறங்கினார். தட்டில் வைத்த பூதரேகு இனிப்பைத் தொடவில்லை.

"பையன் சாப்பிடாம கிடக்கான். அதான் நேர்லயே கேட்டுடலாம்னு வந்தேன். நீங்க எங்க வம்சமா, வேறயா? வேறன்னா இன்னிக்கே நாள் பாத்துடலாம்."

சுப்பாராயுடு அந்தக் காரைப் பார்த்தான். நெஞ்சு நிமிர்ந்தது.

"என்ன அண்ணய்யா இப்படிக் கேட்டுட்டீங்க? நாம ஒரே வம்சம். தளபதி ரத்தம்."

நரசிங்கராவின் முகம் வாடிப்போனது. "அப்ப சரி, தம்பி. உன் பொண்ணு எனக்கும் பொண்ணு. இந்தப் பேச்சை இதோட விட்டுடுவோம்" என்று எழுந்தார்.

மகளின் வாழ்க்கை கைநழுவிப் போனது சுப்பாராயுடுவின் காதில் ஏறவில்லை. 'தம்பி' என்றது மட்டும்தான் ஏறியது. இளித்துக்கொண்டு நின்றான். அந்த இளிப்பை மங்கதாயாரு பார்த்தாள். சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"உட்காருங்க. நாங்க ராயகோட்ட இல்ல, எலுகல."

"அவ ஒரு கிறுக்கு, அண்ணய்யா" என்றான் சுப்பாராயுடு.

"நான் கிறுக்குதான். என் கல்யாணத்துல புரோகிதரு பந்தல் முழுக்கக் கேக்கற மாதிரி எலுகல வீட்டுப் பையன்னு சொல்லித்தான் என்னைத் தாரை வார்க்க வெச்சாரு. இவரு ராயகோட்டன்னா, என்னைக் கட்டினவன் வேற எவனோ. இத்தனை வருஷமா நான் யாருக்குங்க சோறாக்கிப் போட்டேன்?"

நரசிங்கராவு சுப்பாராயுடுவைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க."

"எலுகல" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

நரசிங்கராவு உட்கார்ந்து பூதரேகை எடுத்தார். "எலுகலன்னா என்னங்க கெட்டுப்போச்சு? எனக்குச் சம்மதம். ஆனா பத்திரிகைல அந்தப் பேரைப் பெருசா போடணும். இல்லேன்னா அண்ணன் தங்கச்சிக்கு முடிச்சுப் போட்டான்னு என் ஜனம் என்னைக் கல்லால அடிக்கும்."

சுப்பாராயுடு தெருப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சின்ன எழுத்துல போட்டா ஆகாதுங்களா?"

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரவந்தி முன்னே வந்தாள். நரசிங்கராவின் பக்கம் திரும்பினாள்.

"பெருசாவே போடலாம் மாமா. அப்பா பேரு வேண்டாம். எலுகல மங்கதாயாரு பொண்ணுன்னு போடுங்க."